கொள்ளுப் பொடிக்குக் கிடைத்த குறை

திருச்செங்கோட்டில் மழைக்காலம் தொடங்கிவிட்டதை வானத்தைப் பார்த்து அறிவதைவிடச் சாலையைப் பார்த்து அறிவது எளிது. ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டிகள் வடமாநிலங்களிலிருந்து ஒவ்வொன்றாக ஊர் திரும்பும். சக்கரங்களில் ஒட்டியிருக்கும் மண்ணின் நிறத்தைக் கொண்டே, எந்த வண்டி எந்த நிலத்தைத் துளைத்துவிட்டு வருகிறது என்று எங்கள் ஊரார் சொல்லிவிடுவார்கள். ஊர் வழக்கில் அவை ரிக் வண்டிகள். முப்பத்தைந்து ஆண்டுகள் தமிழாசிரியனாக இருந்த எனக்கு அதற்கு ஈடாக ஒரு தமிழ்ச் சொல்லை ஆக்கிக்கொள்ளத் தெரியும். எனினும் அவ்வண்டியில் உழைப்பவர்கள் வழங்கும் பெயரே அதற்கு உரிய பெயர் என்று கருதி, நானும் அவ்வாறே எழுதுகிறேன்.

என் மகன் அத்தகைய வண்டி ஒன்றில் மேலாளன். ஆண்டில் எட்டுத் திங்கள் அவன் வீட்டில் இருப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைக்காலத்தில் அவன் வந்து இறங்கியபோது, சட்டை அவன் தோளில் தொங்கிய விதத்தைக் கண்ட என் மருமகள் மறுநாளே கொள்ளு வறுக்கத் தொடங்கிவிட்டாள். கொள்ளும் மிளகாயும் பூண்டும் கறிவேப்பிலையும் சேர்த்து அவள் அரைத்துக் கொடுத்த பொடி, அவன் திரும்பிச் சென்றபோது ஒரு தூக்குப் போசி நிறைய உடன் சென்றது. பத்து நாளில் அலைபேசியில் அழைத்தான். பொடி தீர்ந்துவிட்டதாம். அவன் உண்டது இரண்டு வேளைதானாம். எஞ்சியதை உடன் இருப்பவர்கள் சுடுசோற்றில் போட்டு எண்ணெய் ஊற்றி முடித்துவிட்டார்களாம். இன்னும் வேண்டுமாம்.

அவ்வாறு தொடங்கியதுதான் அவளுடைய தொழில். கொள்ளுப் பொடி, பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் என மூன்றே பண்டங்கள். நம் சோறும் நம் காரமும் கிடைக்காத இடங்களில் திங்கள் கணக்கில் கூடாரமடித்து உழைக்கும் எங்கள் பகுதி ஆட்களுக்கு அவற்றைச் செய்து அனுப்புவது என்று தீர்மானித்தாள். குமாரபாளையத்தில் ஒரு துணி ஏற்றுமதி அலுவலகத்தில் பார்த்துவந்த வேலையை விட்டாள். அடுத்த தெருவிலிருந்து இரண்டு பெண்கள் வறுக்கவும் புடைக்கவும் வந்து சேர்ந்தனர்.

அந்நாள்களில் எங்கள் ஊர் அவளுக்குச் செய்த உதவிகளை நினைத்தால் இன்றும் நெஞ்சம் நிறைகிறது. ஒன்றிய அலுவலகத்தில் நடந்த சிறுதொழில் முகாமுக்கு நானும் அவளுடன் சென்றிருந்தேன். அங்கே இருந்த பெண் அலுவலர் நெருங்கிய உறவினரைப் போல ஆவலாக வந்து எங்கள் பக்கத்தில் அமர்ந்து, உரிமத்திற்கான படிவத்தை வரிக்கு வரி விளக்கி நிரப்பச் செய்தார். பிற்பகல் உணவைக்கூட அதற்காகத் தள்ளிப்போட்டார். எங்கள் தெருக்கோடியில் மாவு மில் நடத்தும் அம்மையார், காலையில் முதல் அரைப்பை என் மருமகளுக்கென்றே ஒதுக்கி வைத்தார். அதற்கு முன் எவருடைய மிளகாயும் உள்ளே போகாதபடி முதல்நாளே பொறியைத் துடைத்து வைப்பார். உதிரிப் பொருள்களை ஏற்றிக்கொண்டு வடக்கே செல்லும் லாரி ஓட்டுநர்கள், எங்கள் அட்டைப் பெட்டிகளைத் தம் இருக்கைக்குப் பின்னால் வைத்து எடுத்துச் சென்றார்கள். மழையில் நனைந்துவிடுமே என்று ஒருவர் தம் போர்வையை எடுத்து அதன்மேல் போர்த்தியதை நான் கண்ணால் கண்டேன்.

என் பங்குக்கு நான் இரண்டு செய்தேன். பொட்டலத்தின்மேல் ஒட்டும் தாளுக்குரிய சொற்களை எழுதிக் கொடுத்தேன். ரிக் வண்டி உரிமையாளர்களிடம் அவளை அழைத்துச் சென்றேன். இரண்டாவதுதான் பெரிய உதவி என்று அப்போது எண்ணினேன்.

உரிமையாளர்களில் பெரும்பாலோர் என்னிடம் படித்தவர்கள். நான் உள்ளே நுழைந்தால் எழுந்து நிற்பார்கள். மடித்துக் கட்டிய வேட்டியைத் தாழ்த்துவார்கள்.

"ஐயா, நீங்க எதுக்குங்க இந்த வெயில்ல வந்துட்டு? ஒரு போன் அடிச்சா நான் ஓடியாந்திருக்க மாட்டேனுங்களா?"

"பொடியைக் கொஞ்சம் சுவைத்துப் பாருங்கள்" என்பேன்.

"ஐயா ஊட்டுப் பொடிங்க. அதைப் போய் நாக்குல வெச்சுச் சோதிக்கறதுங்களா? வண்டிக்குப் பத்துக் கிலோ போட்டுடுங்க."

ஒருவரும் சுவைக்கவில்லை. எல்லாரும் வாங்கினார்கள். மருமகளுக்கு அது சற்று உறுத்தியிருக்க வேண்டும். வீடு திரும்பும் வழியில், "ஏனுங்க மாமா, ஒருத்தராச்சும் தின்னு பாத்துட்டு வாங்கியிருந்தா நல்லாருந்திருக்குமுங்க" என்றாள். மாணவர் என்மேல் வைத்திருக்கும் மதிப்பு அவளுக்குப் பயன்படுவதில் எனக்கிருந்த மகிழ்ச்சியில் அச்சொல் என் காதில் விழுந்தும் மனத்தில் விழவில்லை.

முதல் சுமை போயிற்று. இரண்டாவதும் போயிற்று. வண்டிகளில் இருந்தவர்களிடம் அவள் அலைபேசியில் கேட்கும்போதெல்லாம் "அருமைங்க", "ஊட்டு ருசி அப்படியே இருக்குதுங்க" என்னும் விடைகளே வந்தன. மூன்றாம் முறை மட்டும் எவரும் கேட்கவில்லை. அவளாக அழைத்தால், "அடுத்த மாசம் பாக்கலாமுங்க", "இன்னும் கொஞ்சம் இருக்குதுங்க, தீரட்டும்" என்றார்கள். எட்டு வண்டிகள் வைத்திருக்கும் ஓர் உரிமையாளர், அவரும் என் மாணவரே, கேட்டதும் பேச்சை மாற்றி என் உடல்நலம் உசாவினார். சினமில்லை, குறையில்லை, விலை பற்றிய பேச்சுமில்லை. எல்லாரும் இனிமையாகவே இருந்தார்கள், எவரும் வாங்கவில்லை.

அவள் விட்டு வந்த அலுவலகத்தார் நல்லவர்கள். ஆயுத பூசை கழிந்ததும் வேறு ஆள் எடுக்கப்போவதாகவும், அதற்குள் திரும்பி வருவதாயின் அவள் இருக்கை அவளுக்கே என்றும் சொல்லி அனுப்பினார்கள். ரிக் வண்டிகளும் ஆயுத பூசை முடிந்துதான் மீண்டும் வடக்கே புறப்படும். ஆகவே அவள் அந்த நாளையே எல்லையாக வைத்துக்கொண்டாள். எட்டு வண்டி உரிமையாளர் அவ்வாண்டுப் பயணத்திற்குப் பொடி எடுத்தால் தொழில் நிலைக்கும். இல்லையேல் மறுநாள் காலை குமாரபாளையம் பேருந்து. வறுக்க வந்த இரு பெண்களிடமும் அவள் அதை மறைக்கவில்லை. அவர்களுள் ஒருத்தி அன்று வறுத்த பருப்பில் ஒரு மணியும் கருகவில்லை என்று மருமகள் பின்னர் சொன்னாள்.

வண்டிகள் ஊர் திரும்பிய வாரத்தில், எட்டு வண்டி உரிமையாளரின் பட்டறைக்கு இருவரும் சென்றோம். வண்டிகளைக் கழுவி, உறுப்புகளைக் கழற்றி எண்ணெயிட்டுக்கொண்டிருந்தார்கள். வண்ணம் பூசும் நெடி மூக்கைத் துளைத்தது. உரிமையாளர் வழக்கம்போல் எழுந்து வந்து, எனக்கு நாற்காலி போடச் செய்து, இளநீர் வெட்டச் சொன்னார். பொடியைப் பற்றி மட்டும் ஒன்றும் பேசவில்லை.

சற்றுத் தள்ளி, ரிக் வண்டியுடன் செல்லும் துணை லாரி ஒன்றின் பின்பக்கத்தில் ஐம்பது அகவை கடந்த ஒருவர் சமையல் பெட்டியைக் கவிழ்த்துத் துப்புரவு செய்துகொண்டிருந்தார். அவ்வண்டியின் சமையல்காரர். ஆத்தூர்ப் பக்கத்தவர் என்பது அவர் பேச்சிலேயே தெரிந்தது. அவர் பெட்டியிலிருந்து எடுத்துக் குப்பை மேட்டில் எறிந்தவற்றுள் எங்கள் பொட்டலங்கள் இருந்தன. நான் எழுதிய சொற்கள் மேல்நோக்கிக் கிடந்தன.

மருமகள் அவரிடம் சென்றாள். "ஏனுங்கண்ணா, இது நம்ம பொடிங்க. பிரிக்கவே இல்லீங்களே?"

"பிரிச்சத எல்லாம் அங்கயே பொதச்சிட்டோம்மா. இது பிரிக்காதது. பிரிக்காமலே வாசன வருது, மோந்து பாரு."

உரிமையாளர் ஓடிவந்தார். "யோவ், ஐயா நிக்கறாங்க. ஆரு ஊட்டுப் பொடின்னு தெரியாம பேசாத."

"யாரு வூட்டுதா இருந்தா என்னாங்க? கெட்டுப்போன பொடி கெட்டுப்போன பொடிதான்."

"நீ சித்த வாய மூடுறியா?"

"நான் மூடிக்கிறேன். ஆனா அடுத்த தடவ இத மறுபடி பெட்டியில ஏத்தச் சொல்லாதீங்க. பத்துப் பேருக்குச் சோறாக்குறவன் நான். வயித்தக் கலக்குச்சுன்னா என்னத்தான் ஏசுவானுங்க, உங்க ஐயாவ யாரும் ஏச மாட்டானுங்க."

பட்டறையில் சுத்தியல் ஓசை நின்றுவிட்டது. உரிமையாளரின் முகம் சிவந்திருந்தது. என் மாணவர், அறுபதை நெருங்கும் மனிதர், பாடம் சொல்லத் தெரியாமல் நின்ற நாளில் நின்றதுபோல் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "ஐயா, மன்னிச்சுக்கோணுங்க. ரெண்டாவது தடவ வந்ததுல பாதி பூசணம் புடிச்சிருந்துச்சுங்க. பசங்க போன்ல சொன்னானுங்க. உங்ககிட்ட எப்புடிங்க நான் வாயத் தொறந்து சொல்லுவேன்? அதான் வாங்கறதை நிறுத்திப்போட்டு, சும்மா இருந்துட்டேன்."

அந்த நேரத்தில் என் மருமகள் செய்ததை நான் மறக்கமாட்டேன். அழவில்லை, என் பக்கம் திரும்பவும் இல்லை. சமையல்காரர் அருகே கவிழ்த்து வைத்திருந்த ஒரு தகர டப்பாவின்மேல் அமர்ந்தாள். பொட்டலம் ஒன்றைப் பிரித்து அவர் கையில் கொடுத்தாள்.

"எத்தன நாள்ல கெட்டுச்சுங்கண்ணா?"

"இருவது நாளு. மேல இல்ல, அடியிலதான் மொதல்ல புடிச்சது."

"கட்டி எப்புடி இருந்துச்சுங்க?"

"தா, இப்படித்தான்." அவர் பொடியை உள்ளங்கையில் கொட்டி விரலால் உருட்டிக் காட்டினார். சிறு சிறு கட்டிகள். நனைந்த சாக்கின் நாற்றம் எனக்கும் எட்டியது. "எங்கியோ தண்ணி பட்டிருக்குதும்மா. வறுத்தது நல்ல வறுப்புதான், அதுல குத்தமில்ல. புளிக்காய்ச்சல் ஒண்ணும் ஆவல, அது சுத்தமா இருந்துச்சு. எண்ண மேல நின்னுச்சுல்ல, அதனால."

எல்லாவற்றையும் அவள் எழுதிக்கொண்டாள். எழுந்தபோது கைகூப்பி, "ரொம்ப நன்றிங்கண்ணா" என்றாள்.

"திட்டுனதுக்கு நன்றி சொல்ற மொத ஆளு நீதான்" என்றார் அவர்.

வீட்டிற்கு வந்து நடந்ததை என் இல்லாளிடம் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், நிமிரவில்லை.

"அவிங்க எல்லாம் உங்க பிரம்புக்குப் பயந்து வளந்தவிங்க. மீச நரச்சாலும் பயம் போகுமா? நீங்க கூடப் போயி நின்னா, கல்லக் குடுத்தாலும் கரும்புன்னுதான் சொல்லுவாங்க."

மருமகள் சிரித்துவிட்டாள். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி சொன்னாள். "மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. இனிமே நீங்க கூட வர வேண்டாமுங்க."

எனக்கு வருத்தமில்லை என்று எழுதினால் அது பொய்யாகும். அன்று மாலை வரை வருத்தம் இருந்தது. பட்டறையில் நாற்காலி போட்டு இளநீர் கொடுத்த அன்பு பொய்யன்று. ஆனால் அந்த அன்பே அவளுக்கு வரவேண்டிய செய்தியை வழியில் நிறுத்தி வைத்திருந்தது. நான் அவளுக்குத் துணையாக நின்றதாக எண்ணிய இடத்தில் குறுக்கே நின்றிருக்கிறேன். மாலையில், பெற்ற மகளை அழைப்பதுபோல் அவளிடம், "நீ சொன்னது சரி சாமி" என்றேன். அத்துடன் அது முடிந்தது.

கெட்டதற்குக் காரணம் இன்னும் தெரியவில்லை. என் மகன் வேலை பார்த்த வண்டிக்கு மட்டும் நாங்கள் வீட்டு மிக்சியில் சிறுகச் சிறுக அரைத்து அனுப்பி வந்தோம். அது ஒரு முறையும் கெட்டதில்லை. ஒரே கொள்ளு, ஒரே வறுப்பு. வேறுபாடு அரைத்த இடத்தில்தான் இருக்க வேண்டும் என்று மருமகள் ஊகித்தாள். கட்டிப் பொடியை ஒரு தாளில் மடித்து எடுத்துக்கொண்டு மாவு மில் அம்மையாரிடம் போனாள். அரைத்த கடலைமாவு வாங்குவதற்கென்று நானும் சற்றுப் பின்னால் சென்றேன். உள்ளே போகாமல் வாயிலருகில் நின்றேன்.

அம்மையார் பொடியை முகர்ந்தார். விரலிடையே நசுக்கிப் பார்த்தார். பிறகு மெல்ல, "சூட்டோட மூடியிருக்குது அம்மிணி" என்றார்.

"என்னுங்கக்கா?"

"மில்லுல இருந்து வாற மாவு கொதிக்கக் கொதிக்கத்தானே வருது. நீ அதை அப்படியே போசியில கொட்டி மூடி போட்டு வண்டியில வெச்சு எடுத்துட்டுப் போற. மூடிக்கு அடியில வேர்த்து, அந்தத் தண்ணி திரும்ப மாவுலதானே எறங்கும். ஊட்டு மிக்சியில கொஞ்சூண்டு அரைக்கறப்ப அது ஆறிரும். இங்க கிலோக் கணக்குல அரைக்கறப்ப ஆறாது."

"நான் மூடறதை நீங்க தெனமும் பாத்துட்டுத்தானுங்களே இருந்தீங்க?"

அம்மையார் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டார். "பாத்தேன் சாமி. பொய் சொல்ல மாட்டேன். நீ வாத்தியார் ஊட்டு மருமக, படிச்ச புள்ள, ஏதோ தெரிஞ்சுதான் செய்வேன்னு இருந்துட்டேன். நான் ஒரு மில்லுக்காரி, உனக்கு வந்து சொல்லுறதான்னு வாய் வரல."

மீண்டும் அதே மதிப்பு. மீண்டும் அதே மூடி. வாயிலில் நின்ற நான் ஓர் அடி பின்வாங்கினேன்.

அம்மையார் சொல்லாமல் விட்டதற்குக் கழுவாய் தேடுபவரைப்போல் அன்றே செயலில் இறங்கினார். மில்லுக்குப் பின்னால் உமி மூட்டை போட்டு வைக்கும் அறையைக் காலி செய்தார். சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கச் செய்தார். விசைத்தறி வைத்திருக்கும் தம் அண்ணனிடமிருந்து வெளுக்காத காடாத்துணி நான்கு நீளம் வரவழைத்துத் துவைத்துக் காயவைத்துக் கொடுத்தார். அரைத்த பொடியைத் துணியில் விரல் கனத்திற்குப் பரப்பி, மேலே மற்றொரு துணியால் மூடி, மறுநாள் காலை வரை வைக்க வேண்டும். புறங்கையை வைத்துப் பார்த்துக் குளிர்ந்திருந்தால் மட்டுமே பொட்டலத்தில் போட வேண்டும். பூண்டைத் தனியே வறுத்து, நொறுங்கும் வரை விட்டுத்தான் சேர்க்க வேண்டும். வாடகை பற்றிப் பேச்செடுத்தபோது அவர் பொறியின் விசையைப் போட்டுவிட்டார். அந்த இரைச்சலில் எதையும் பேச முடியாது.

ஆயுத பூசைக்கு ஏழு வாரம் இருந்தது. மருமகள் புதிதாக அரைத்த கொள்ளுப் பொடியில் இரண்டு பொட்டலத்தைச் சமையல்காரரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் ஊருக்குப் போகாமல் பட்டறையிலேயே தங்கியிருந்தார்.

"லாரிப் பெட்டியிலேயே வெச்சுடுங்கண்ணா. வெயிலும் மழையும் படட்டும். பூசை அன்னைக்கு நீங்களே பிரிச்சுப் பாருங்க."

"நல்லா இல்லன்னா எல்லார் முன்னாலயும் சொல்லுவேன்."

"அதுக்குத்தானுங்க உங்ககிட்டக் குடுக்கறேன்."

மற்றவர்களிடம் அவள் ஒரு புதிய வழக்கத்தைக் கொண்டுவந்தாள். பட்டறை பட்டறையாகச் சுடுசோறும் பொடியும் நல்லெண்ணெயும் எடுத்துப் போவாள். உண்டவர் ஒவ்வொருவரும் ஒரு குறையேனும் சொல்ல வேண்டும். நன்றாக இருக்கிறது என்பவருக்கு இரண்டாவது உருண்டை கிடையாது. முதல் நாள் பட்டபாட்டை அவள் வீட்டில் நடித்துக் காட்டினாள். உண்டவர்கள் முதலில் வாயிலை எட்டிப் பார்த்தார்களாம்.

"ஐயா வரலீங்களே?"

"வரலீங்க. சொல்லுங்க."

"நல்லாத்தான் இருக்குதுங்க."

"அப்பக் கையக் கழுவுங்க."

"இருங்க இருங்க அம்மிணி. காரம் பத்தாதுங்க."

"அடேய், இத்தன நாளா அதைத்தான் நெனச்சுட்டு இருந்தியா?" என்று பக்கத்திலிருந்தவர் கேட்டாராம். "சரி, நானும் சொல்லுறேன். பொடியில குத்தமில்லீங்க. பொட்டலத்தைப் பிரிக்கறதுக்குத்தான் பல்லு வேணும். கையெல்லாம் கிரீசா இருக்கறப்ப எங்கிருந்துங்க கிழிக்கறது?"

மற்றொருவர் நான் எழுதிக் கொடுத்த தாளையே குறை சொன்னாராம். எழுத்து அழகாக இருக்கிறதாம். ஆனால் எப்போது செய்தது என்ற நாளைத் தேடிப் பிடிப்பதற்குள் சோறு ஆறிவிடுகிறதாம். உரிமத்திற்கு உதவிய அலுவலரிடம் கேட்டு, நாளைப் பெரிய எழுத்தில் முன்பக்கத்திலேயே அச்சிட்டோம். பொட்டலத்தின் ஓரத்தில் கிழிப்பதற்கு ஒரு வெட்டும் வைத்தோம். அவள் குறைகளை எழுதி வைத்த ஏடு மூன்று வாரத்தில் பாதி நிறைந்தது. ஒருமுறை சொல்லிப் பழகியபின் எங்கள் ஊரார் குறை சொல்வதில் சிக்கனம் காட்டவில்லை.

ஆயுத பூசை நாளும் வந்தது. ரிக் வண்டிகளுக்கு வாழைக்கன்று கட்டி, மாலை சூட்டி, திருநீறும் சந்தனமும் பூசியிருந்தார்கள். நான் கொடுத்த சொற்படி பட்டறைக்குள் போகவில்லை. சாலைக்கு எதிர்ப்புறத்துத் தேநீர்க் கடையில் அமர்ந்திருந்தேன். அங்கிருந்து பட்டறையின் முற்றம் முழுவதும் தெரிந்தது. பேச்சு மட்டும் கேட்கவில்லை. நாதசுரத்தை ஒலிபெருக்கியில் உரக்க வைத்திருந்தார்கள்.

சமையல்காரர் லாரியின் பெட்டியைத் திறந்தார். ஏழு வாரம் அங்கே கிடந்த பொட்டலத்தை எடுத்துத் தூக்கிப் பிடித்து எல்லாருக்கும் காட்டினார். உரிமையாளர் அருகில் வந்தார். ஆட்கள் கூடினார்கள். அவர்கள் நடுவே என் மருமகள் தன் பச்சைச் சேலையில் நின்றாள். வறுக்க வந்த இரு பெண்களும் அவளுக்குப் பின்னால் ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி நின்றனர். சமையல்காரர் வெட்டு வைத்த ஓரத்தைக் கிழித்தார். எளிதாகக் கிழிந்தது, அதுவரையில் நன்று. பொடியை உள்ளங்கையில் கொட்டினார். விரலால் பரப்பினார். கையைச் சற்று உயர்த்தி ஊதினார். பொடி புகைபோல் பறந்தது. கட்டியாயிருந்தால் அவ்வாறு பறந்திராது என்பது எனக்கே தெரிந்தது. எனினும் அவர் முகம் மாறவில்லை. எஞ்சியதை நாவில் இட்டு நெடுநேரம் மென்றார். என் கையிலிருந்த தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.

பிறகு அவர் ஏதோ சொன்னார். கூட்டம் சிரித்தது. மருமகளும் சிரித்தாள் என்று தோன்றியது. அவள் முந்தானையை முகத்தில் வைத்திருந்ததால் உறுதியாகத் தெரியவில்லை. அடுத்து நான் கண்டது, சமையல்காரர் எங்கள் அட்டைப் பெட்டிகள் இருந்த இடத்திற்குப் போய், ஒன்றைத் தம் தோளில் ஏற்றிக்கொண்டு லாரியை நோக்கி நடந்ததைத்தான். இரண்டாவது பெட்டியை உரிமையாளர் தாமே தூக்கினார். எட்டு வண்டிக்கும் ஏற்றி முடித்த பின்னர்ச் சக்கரங்களுக்கு முன் பூசணிக்காய் உடைத்தார்கள்.

உரிமையாளர் சாலையைக் கடந்து என்னிடம் வந்தார். "ஐயா, இங்க உக்காந்துட்டு இருக்கறீங்க, உள்ள வரக் கூடாதுங்களா?"

"உள்ளே வந்தால் உங்களுக்குப் பேச வராதே" என்றேன்.

அவர் தலையைச் சொறிந்தார். பிறகு என் பக்கத்தில், என் முன்னிலையில் அன்றுதான் முதன்முறையாக, அமர்ந்தார். தமக்கும் ஒரு தேநீர் சொன்னார்.

"பொடி எப்படி?" என்று கேட்டேன்.

"நெசமாச் சொல்லட்டுங்களா?"

"சொல்லுங்கள்."

"பருப்புப் பொடி எனக்குப் புடிக்காதுங்க, எப்பவுமே. கொள்ளு நல்லாருக்குது."

மறுநாள் காலை குமாரபாளையம் பேருந்து அவளின்றிச் சென்றது. அலுவலகத்தாருக்கு அலைபேசியில் நன்றி சொல்லி, வேறு ஆள் எடுத்துக்கொள்ளும்படி கூறினாள். பிறகு மில்லின் பின்னறைக்குச் சென்று, துணியின்மேல் புறங்கையை வைத்துப் பார்த்தாள்.

வண்டிகள் போய் இரண்டு திங்கள் ஆயின. ஒரு நண்பகலில் நாங்கள் உணவுக்கு அமர்ந்திருக்கையில் அவள் அலைபேசி ஒலித்தது. கையில் சோறு இருந்ததால் எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தாள். சமையல்காரர். பின்னால் வண்டி நிலத்தைத் துளைக்கும் ஓசை.

"ஏம்மா, பொடி ஒரு கட்டி இல்ல, நல்லாருக்குது. ஆனா புதுசா வந்த பெட்டியில உப்பு ஒரு சிட்டிக கூடிப்போச்சு."

"அப்படிங்களா அண்ணா? எந்த நாள் போட்டதுங்க?" அவள் இடக்கையால் ஏட்டைத் தேடினாள். நான் எட்டி எடுத்துக் கொடுத்தேன்.

அவர் நாளைச் சொன்னார். பிறகு சற்றுத் தயங்கி, "ஐயா பக்கத்துல இருக்காரா?" என்று கேட்டார்.

"இருக்காருங்க."

"இருக்கட்டும். உப்பு கூடித்தான் போச்சு."

நான் உரக்கச் சிரித்தேன். என் இல்லாள் தன் தட்டிலிருந்த பொடிச்சோற்றைப் பிசைந்து ஒரு வாய் உண்டுவிட்டு, "அவரு சொல்லுறது மெய்தான்" என்றாள். மருமகள் இடக்கை எழுத்தில், கோணல்மாணலாக, அதையும் ஏட்டில் எழுதிக்கொண்டாள்.